யாருமில்லாத பிள்ளை

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். நல்லபடியாக வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே குளிர் எலும்பைத் தேடிவந்து குத்துகிறது. நீ திட்டித் திட்டிப் பெட்டியில் திணித்த கம்பளிச் சட்டையின் அருமை இப்போதுதான் தெரிகிறது. நன்றி சொல்லிவிட்டேன், இனி சொல்லிக்காட்டாதே.

ஆனால் இந்த ஊர் எனக்குப் பிடிபடவில்லை. தெருவெல்லாம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தம். மனுஷ முகம்தான் இல்லை. ஊழியத்துக்கு வந்த டாக்டர், டீச்சர், நான் எல்லாரும் பாடிக்கொண்டே போனால் ஜன்னல் திரைகள் லேசாக அசைகின்றன. வாசலில் விளையாடும் பிள்ளைகளைத் தாய்மார்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறார்கள். "கல் நெஞ்சு சிஸ்டர், அதுக்குத்தானே நாம வந்திருக்கோம்" என்றார் பாஸ்டர். எனக்கு அது கல் நெஞ்சாகத் தெரியவில்லை, பயமாகத் தெரிந்தது. எங்களைப் பார்த்து என்ன பயம்?

எங்கள் பாஸ்போர்ட்டையெல்லாம் பாஸ்டரே வாங்கிப் பூட்டிவிட்டார். பத்திரத்துக்காம்.

நாளை பிள்ளைகள் விடுதிக்குப் போகிறோம். போன வருஷம் பாஸ்டர் கொடுத்து, நீ பீரோவில் ஒட்டிவைத்திருக்கிறாயே ஒரு போட்டோ, அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உன் தங்கை

மார்ச் 12

என் சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. பிள்ளையைப் பற்றி நாலு வரி எழுதுவாய் என்று பார்த்தால், ஜன்னல் திரையைப் பற்றி எழுதியிருக்கிறாய்! சந்தேகம் உன் கூடப்பிறந்தது. நர்ஸ் வேலைக்குப் போய் அது இன்னும் முற்றிவிட்டது. ஊழியத்துக்குப் போன இடத்தில் போலீஸ்காரி மாதிரி பார்க்காதே.

அம்மா அப்பா யாருமில்லாத பிள்ளை என்று பாஸ்டர் சொன்ன நாளிலிருந்து அவளுக்காக ஜெபிக்காமல் நான் படுத்ததில்லை. அவளை எனக்கே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறாரே, மறந்துவிட்டாயா? உன் அத்தான் பின்னறைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, அது பிடிக்காமல் மறுபடி பச்சை அடித்துக்கொண்டிருக்கிறார். ஊர் என்னைக் கேட்ட கேள்விக்கெல்லாம் ஆண்டவர் பதில் கொடுக்கிற நேரத்தில் நீ எதையாவது கிளப்பாதே.

சிரித்தால் கன்னத்தில் குழி விழுகிறதா? அதை எழுது.

அக்கா

மார்ச் 20

அக்கா,

குழி விழுகிறது. ஒரு கன்னத்தில் மட்டும்.

இந்தக் கடிதத்தைப் பாஸ்டர் கையில் கொடுக்காமல் நானே தபாலில் போடுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

இன்று விடுதியில் மருத்துவ முகாம். அங்கே சமைக்கிற பெண் வயிற்று வலி என்று வந்தாள். நம் பிள்ளை அவள் பாவாடையைப் பிடித்த பிடியை விடவில்லை. "பாசமாப் பழகிட்டா, வேற ஒண்ணுமில்ல" என்றார் பாஸ்டர் ஏற்பாடு செய்த மொழிபெயர்ப்பாளர். அந்தப் பெண்ணைப் படுக்கவைத்துப் பார்த்தேன். வயிற்றில் பிரசவ ஆபரேஷன் தழும்பு.

"இவங்களுக்குப் பிள்ளை உண்டான்னு கேளுங்க" என்றேன்.

அவர் கேட்டார். அவள் அழுதுகொண்டே நெடுநேரம் என்னவோ சொன்னாள். அவர் என்னிடம் திரும்பி, "இல்லையாம்" என்றார். அக்கா, இல்லை என்று சொல்ல அவ்வளவு பேச்சா?

அவர் மாத்திரை எடுக்கத் திரும்பினார். அவள் என் கையைப் பிடித்துத் தழும்பின்மேல் வைத்தாள். பிறகு அதே கையை எடுத்துப் பிள்ளையின் தலைமேல் வைத்தாள்.

இந்த ஊரில் ஏன் கதவைச் சாத்துகிறார்கள் என்று இப்போது புரிகிறது.

பாஸ்டர் அடுத்த வாரம் எங்களுக்கு முன்னால் ஊர் திரும்புகிறார். பிள்ளையை அழைத்துவரும் ஏற்பாட்டைப் பற்றி உன்னிடம் பேசுவார். நீ என்னை நம்ப வேண்டாம். அவரையே கேள்.

தங்கை

மார்ச் 31

சின்னவளே,

உன் கடிதத்தைப் படித்ததும் உன்மேல்தான் கோபம் வந்தது. உன் வீட்டில் இரண்டு பிள்ளைகள் ஓடியாட, என் வீட்டுக்கு ஒன்று வருவது உனக்குப் பொறுக்கவில்லை என்று வாய்விட்டே சொன்னேன். உன் அத்தான் சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, பாஸ்டரையே கேட்டுடலாம்" என்றார்.

பாஸ்டர் சிரித்த முகமாகத்தான் உட்காரச் சொன்னார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"பாஸ்டர், அந்தப் பிள்ளைக்கு அம்மா இருக்காங்களா?"

"யாரு சொன்னது?" என்றார்.

இல்லை என்று சொல்லவில்லை, கவனி. யார் சொன்னது என்று கேட்டார். அத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தம்மா சம்மதிச்சதுதான் சிஸ்டர். இங்க வந்தா பிள்ளைக்கு நல்ல வாழ்க்கை."

"என்ன சொல்லி சம்மதம் வாங்கினீங்க? படிக்க வச்சுத் திருப்பி அனுப்புவோம்னா?"

"ஜெபம் பண்ணலாம் சிஸ்டர்" என்று கண்ணை மூடிக்கொண்டார். எழுந்து வந்துவிட்டோம். வழியெல்லாம் அழுதேன். அழுது முடித்ததும் உன்னை நினைத்துப் பயம் வந்தது. உன் பேரை நான் சொல்லவில்லை. ஆனாலும் அவர் ஊகிக்காமல் இருக்கமாட்டார். கூட வந்திருக்கிற டீச்சரையும் டாக்டரையும் சேர்த்துக்கொண்டு பாஸ்டர் அங்கே யாரிடம் சாவியை விட்டு வந்தாரோ, அவரிடம் முதலில் பாஸ்போர்ட்டைக் கேட்டு வாங்கு. தனியாக எங்கேயும் போகாதே.

உன்னைச் சொன்ன சொல்லை மனசில் வைத்துக்கொள்ளாதே, கண்ணு.

அந்த அம்மாவிடம் நான் பிள்ளையைக் கேட்கமாட்டேன் என்று சொல். பாஷை தெரியாது என்று சாக்குச் சொல்லாதே. அவள் உனக்குச் சொன்ன மாதிரியே நீயும் சொல்.

பிறகு அந்தப் பிள்ளையின் நிஜப் பேரைக் கேட்டு எழுது. இத்தனை நாளும் பாஸ்டர் வைத்த பேரைச் சொல்லித்தான் ஜெபித்திருக்கிறேன்.

அக்கா