தொண்டையில் வைத்த கை

என்னங்க,

நான் வர ராத்திரி ஆயிடும். சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். பாப்பா மாடி வீட்டு அக்காகிட்ட இருக்கா, வந்ததும் கூட்டிக்கோங்க.

"காது கேக்காத பிள்ளைக்குப் புத்தகத்து மேல எங்கேருந்து ஆசை வரும்"னு நேத்து ராத்திரி கத்தினீங்க. வாயைத் திறந்தா அழுதுடுவேன்னுதான் இதை எழுதறேன்.

நேத்து சாயங்காலம், விளையாடப் போன பாப்பாவைக் கூட்டிட்டு வர நம்ம தெரு டெய்லர் வீட்டுக்குப் போனேன். அங்க அப்பா, அம்மா, பொண்ணு மூணு பேருக்குமே காது கேக்காது. டெய்லர் புத்தகத்தை விரிச்சு வெச்சு, கையாலயே கதை சொல்லிட்டிருந்தார். நம்ம பாப்பா அவர் மேல சாய்ஞ்சுகிட்டு வாயைப் பொளந்து பாத்துட்டிருந்தா. பொறுக்க முடியாம பக்கத்தை அவளே புரட்டினா.

என்னைப் பாத்ததும் புத்தகத்தை மூடிட்டா. எழுந்து வந்து, என் கையை எடுத்துத் தன் தொண்டையில வெச்சுகிட்டு, "ப்பா, ப்பா"ன்னா.

நம்ம வீட்டுல புத்தகம்னா அதானே. படத்தைக் காட்டி, தொண்டையைத் தொட்டு, சத்தம் வர்ற வரைக்கும் விடமாட்டோம். நல்லதுக்குத்தான் செஞ்சோம். கதையை மட்டும் சொல்லவே இல்ல.

இன்னிக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டாம். புத்தகத்தோட சும்மா அவ பக்கத்துல உக்காருங்க. கையால பேசக் கத்துக்க ஞாயித்துக்கிழமை நம்மளை வரச் சொல்லி டெய்லர் எழுதிக் கொடுத்தார். தட்டிக் கழிக்காம வாங்க.

பாலைக் காய்ச்சிடுங்க, திரிஞ்சுடும்.

இன்னொண்ணு. தூக்கத்துல அவ கை அசையுது. யாருக்கோ கதை சொல்றா. நமக்கு இல்ல.