மூலைத் தூண்

ஜூன் 7, 2006. புதன்.

காலையிலேயே புழுக்கம். பொன்னேரியில் ரயில் ஏறும்போதே ஜாக்கெட் முதுகில் ஒட்டிவிட்டது. கும்மிடிப்பூண்டியில் இறங்கி ஷேர் ஆட்டோ. சைட் வரைக்கும் ஆலைப் புகை கூடவே.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை, என் மேற்பார்வையில். எட்டுத் தூண். வெள்ளிக்கிழமை கூரை கான்கிரீட். அதுவரை பிள்ளைகள் சத்துணவுக் கூடத்தில், ஐந்து வகுப்பும் ஒன்றாக.

பார்க்க வேண்டியது: கம்பி இடைவெளி. சென்ட்ரிங் முட்டு. மகள் அம்முவுக்குப் பேனா ரீஃபில்.

லேபிலிருந்து கியூப் ரிசல்ட் வந்தது. தூணுக்குக் கலந்த கலவையிலேயே வார்த்து எடுத்துப்போன கட்டிகள். ஏழாம் நாள் நசுக்கிப் பார்த்தால் பலம் பதினாலு வந்தாலே போதும். வந்தது இருபத்தெட்டு. ஏகாம்பரம் மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. “எப்பிடி மேடம்? செண்டம் வாங்கிட்டோமா?”

எனக்கும் சந்தோஷம்தான். திரும்பி வரும்போது ரயிலில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எந்தப் பிள்ளையும் திடீரென்று இரண்டு மடங்கு மார்க் வாங்காது.

ஜூன் 8. வியாழன்.

மேஸ்திரியைக் கேட்டேன். “சிமெண்டு நல்ல சிமெண்டு மேடம்.” தரையைப் பார்த்துக்கொண்டு.

அவர் மனைவி கன்னியம்மாவைக் கேட்டேன். இங்கே சித்தாள். பொய் வராது அவளுக்கு.

“யம்மா, அத்த எங்கிட்ட கேக்காத.”

இரண்டு நடை ஜல்லி கொட்டிவிட்டு அவளே வந்தாள். “உனுக்கோசரம்தாம்மா. கட்டிக்கு மட்டும் தனியா கலக்கினாரு, சிமெண்டு ஜாஸ்தியா. போன வேலைல கம்மியா வந்துச்சின்னு அந்த சாரு உன்ன அத்தினி பேரு எதுர்ல திட்னாரே. அன்னிக்கு இந்தாளு ஊட்டுக்கு வந்து சோறு துன்னல.”

கட்டி வார்த்த நேரம் நான் எங்கே இருந்தேன்? ஷெட்டுக்குள். கன்னியம்மா கூப்பிட்டு நாஷ்டாவுக்கு உட்கார வைத்தாள். தோசையும் நெத்திலிக் குழம்பும். அரை மணி நேரம்.

“அதுவும் அவர் சொல்லித்தானா?”

“தோச அவரு சொல்லி. கொழம்பு நானா வெச்சது.”

சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் பயம். தூணில் என்ன பலம் இருக்கிறதென்று இப்போது யாருக்கும் தெரியாது. அதன்மேல் கூரை, அதன்கீழ் பிள்ளைகள்.

சைட் ரெஜிஸ்டர்: “கூரை வேலை நிறுத்தம். கியூப் வார்க்கும்போது நான் இடத்தில் இல்லை.” இரண்டாவது வாக்கியம் எழுதக் கால் மணி நேரம் ஆனது.

என் மேலதிகாரி ஏ.இ. போனில்: “ஏம்மா, கம்மியா வந்தாலும் பேஜாரு, ஜாஸ்தியா வந்தாலும் பேஜாரா?”

ஜூன் 10. சனி.

சுத்தியல் டெஸ்ட். ஸ்ப்ரிங் வைத்த குழாய். தூணில் வைத்து அழுத்தினால் எவ்வளவு எகிறுகிறதோ அது பலம். ஏழு தூணும் நன்றாக இருந்தன. சாக்கு சுற்றி வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். மூலைத் தூணில் மட்டும் அளவு இறங்கியது. மூன்று முறை பார்த்தேன். அப்படியே.

மேஸ்திரி தானாகச் சொன்னார். “கடைசித் தூணு மேடம். கலவ இறுகிக்கினே போச்சு. ஒரு கொடம் ஊத்திட்டேன்.”

“எனக்கு வார்த்த கட்டிக்குச் சிமெண்ட். பிள்ளைகளோட தூணுக்குத் தண்ணியா?”

எல்லோர் எதிரிலும் கத்தினேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி நின்றார். ஏ.இ. எனக்குச் செய்ததையே நான் அவருக்குச் செய்தேன். வழியெல்லாம் அதே நினைப்பு. ரீஃபில் மறந்துபோனது.

ஜூன் 12. திங்கள்.

தூணை உடைத்தோம். வேறு யாரையும் தொடவிடவில்லை அவர். சம்மட்டி அவர் கையில்தான்.

கன்னியம்மா: “ஓங்கி அடிய்யா. கட்டிக்குன்னா தனியா கலக்கத் தெரியுது, இத்த ஒடைக்கத் தெரியலையா?”

“ஏய், வாய மூடிக்கினு கல்லப் பொறுக்கு.”

சித்தாள்களெல்லாம் சிரிப்பு. அவரும் சிரித்தார். சனிக்கிழமை கத்தினதுக்கு மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்லப் பார்த்தேன். “மேடம், கம்பி வளையாம பாத்துக்கங்க,” என்று பேச்சை வெட்டிவிட்டார். மரியாதையான மனிதர்.

ஜூன் 14. புதன்.

மேகம். புதுத் தூண் வார்த்தாயிற்று. அதே கலவைச் சட்டியிலிருந்து அள்ளிக் கட்டியும் வார்த்தாயிற்று. நான் நகரவில்லை. மேஸ்திரி கேட்டார்:

“கம்மியா வந்தா இன்னா பண்ணுவீங்க மேடம்?”

“கம்மின்னு எழுதுவேன்.”

“உங்கள திட்டுவாங்களே.”

“திட்டட்டும். இனிமே எனக்காக எதுவும் கலக்காதீங்க.”

“சரி,” என்றார். கொஞ்சம் வருத்தத்தோடு.

மாலை திருவள்ளூர் ஆபீஸ். நடந்ததை அறிக்கையாகக் கொடுத்தேன். இரண்டு தவறு, இரண்டு பெயர். என் பெயர் முதலில். ஏ.இ. நின்றபடியே படித்தார். “உனக்கு மெமோ வரும். காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி அந்த மேஸ்திரிய மாத்திடலாமா?”

“வேண்டாம் சார். மீதி ஏழு தூணும் அவர் போட்டதுதான்.”

அறிக்கையை ஃபைலில் வைத்தார். பிறகு கூரைக்குத் தேதி கேட்டார்.