பள்ளிக்கூடத்துச் சிட்டு, வீட்டுச் சிட்டு

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூட வேனிலிருந்து சிட்டுவை இறக்கியதும் பையைத் திறந்தேன். குறிப்புப் புத்தகத்தில் டீச்சர் எழுதியிருக்கிறார்: "இன்று சிட்டு தானாகவே ஸ்பூன் பிடித்து முழுச் சாப்பாட்டையும் சாப்பிட்டாள்."

பேச்சு வராத என் மகளுக்குப் பதினொரு வருஷமாக நான்தான் ஊட்டுகிறேன். எனக்குத் தெரியாத சிட்டுவா? வேறு பிள்ளைக்கு எழுத வேண்டியதை மாற்றி எழுதிவிட்டார்.

ஜூன் 10

இன்றும் அதே வரி! காது குத்துவதற்கும் ஓர் அளவு வேண்டாமா? "வீட்டில் ஸ்பூனைக் கொடுத்தால் விட்டெறிகிறாள்" என்று பதில் எழுதி அனுப்பினேன்.

இருபத்து மூன்றாம் தேதி எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். பத்து நாள் ஆஸ்பத்திரி. யார் ஊட்டுவது? "நான் ஊட்டினா வாயை இறுக்கி மூடிக்கிறா, நான் என்ன பண்ணட்டும்?" என்கிறார் என் வீட்டுக்காரர்.

ஜூன் 12

போய்ப் பார்த்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில், சொல்லாமல் போய், ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் சிட்டுதான். அள்ளுகிறாள், ஊதுகிறாள், வாயில் வைக்கிறாள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பு வேறு! அடிப்பாவி, இத்தனை நாள் நாடகமா ஆடினே?

உள்ளே ஓடினேன். என்னைப் பார்த்தாள். ஸ்பூனைக் கீழே வைத்தாள். வாயைத் திறந்தாள்.

அப்படியே நின்றுவிட்டேன்.

"அவ நடிக்கலம்மா" என்றார் டீச்சர். "நீங்க வந்தா ஊட்டுவீங்கன்னு அவளுக்குத் தெரியும். அவ்வளவுதான்."

அப்போ - அவளுக்குத் தடையே நான்தானா?

ஜூன் 13

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

பள்ளியில் இருப்பது போலவே மஞ்சள் தட்டு வாங்கி வந்தோம். எதிரே உட்காரவே கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். உட்கார்ந்தேன். வாயைத் திறந்தாள். ஊட்டிவிட்டேன். பெற்ற மனசு கேட்டால்தானே? அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

ஜூன் 19

காலையில் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு, சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கத்தினாள். தட்டு பறந்தது. பசியோடுதான் வேன் ஏறினாள். பாவி நான்.

ஜூன் 22

நாளைக்கு ஆஸ்பத்திரி.

மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிணுங்கல். அப்புறம் ஒன்றுமே இல்லை. என்னடி பண்றே?

தட்டில் ஸ்பூன் உரசியது. நின்றது. மறுபடி உரசியது.

கதவைத் திறக்கக் கை போனது. இழுத்துக்கொண்டேன். "வெளியே வந்துடாதே" என்றார் அவர், கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அடிக்குரலில்.

டீச்சருக்குக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தேன்: "சிட்டு வீட்டிலும் தானாகவே சாப்பிட்டாள். நான் பார்க்கவில்லை."