சில்வர் ஓக்கில் கட்டிய கேபிள்

ஜூன் 3, 2025

மென்பொருளைச் சேமித்துவைக்கும் ஆன்லைன் கிடங்கான பழைய ரெஜிஸ்ட்ரியைப் பதினைந்தாம் தேதி இழுத்து மூடுகிறார்கள். நாற்பது சின்ன ஆஸ்பத்திரிகள் ஓட்டுகிற எங்கள் இலவச மென்பொருளின் கன்டெய்னர் இமேஜ்கள், அதாவது இறக்கி அப்படியே ஓட்டக்கூடிய பொதிகள், நூற்றிருபது வெளியீடுகள், அங்கேதான் கிடக்கின்றன. அதற்குள் புது ரெஜிஸ்ட்ரிக்கு மாற்றாவிட்டால் அத்தனை ஆஸ்பத்திரியும் அதோகதி.

மதியம் என் அண்ணன் பென்னி அறைக்குள் எட்டிப் பார்த்தார். "திங்கக்கெழம தோட்டத்துல நெழல் மரத்துக் கொப்பையெல்லாம் கழிக்கறோம். சில்வர் ஓக்குல கட்டியிருக்கற உன்ற நெட் கேபிள அவுத்துக்கோ சாமி." கம்பம் நடச் சோம்பல்பட்டு, போன வருடம் நான்தான் மரத்தில் கட்டினேன். சரி என்றேன்.

ஜூன் 7

ஒவ்வொரு இமேஜாகப் புது இடத்துக்கு நகலெடுத்து, கையோடு பழையதை அழிக்கிற ஸ்கிரிப்ட் தயார். கூட வேலை செய்யும் ஆஷ்லின் போனில், "அழிக்கறத கடைசியா வெச்சுக்குங்க மேக்ஸ்வெல்" என்றாள். எனக்கே பாடமா? கட் பண்ணிவிட்டேன்.

ஜூன் 9



ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு நெட் செத்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் வெட்டிய கொப்போடு கேபிளும் தரையில். அண்ணன் மரத்தில். "எறங்குடா!" — அண்ணனைப் போய் டா என்றேன். இறங்கியதும் அதே கொப்பை எடுத்து அடித்தேன். தடுக்கக் கையைத் தூக்கினார். அந்தக் கையிலேயே மறுபடி. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. நிறுத்தினேனா? அண்ணி ஈவ்லின் வந்து என் முடியைப் பிடித்து இழுக்கும்வரை அடித்தேன்.

அவர் திருப்பி அடிக்கவில்லை. "சொன்னேனே சாமி" என்றார். என்ன சொன்னான்? கையோடு போனதே என்று சந்தோஷப்படட்டும். கொன்றிருப்பேன்.

ஜூன் 10

மாவுக்கட்டு. ஆறு வாரம். அண்ணி என் தட்டைத் தரையில் வீசினார். "ஏனுங்க தம்பி, இன்னொரு கை மிச்சமிருக்குது. அதையும் ஒடைச்சுப் போடுங்க."

ஜூன் 11

நெட் வந்தது. ஸ்கிரிப்ட் என்னென்ன செய்தது என்று பதிவாகியிருந்த லாக்கைப் பார்த்தேன்.

முப்பத்தொன்று போனதுமே புது ரெஜிஸ்ட்ரியில் எங்களுக்குத் தந்த இடம் நிரம்பிவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் போய்ச் சேரவில்லை. என் ஸ்கிரிப்ட் அதைப் பார்க்கவே இல்லை, பழையதை மட்டும் அழித்துக்கொண்டே போயிருக்கிறது. நகல் போய்ச் சேராமலே ஐந்து அழிந்தபோது கேபிள் அறுந்தது. அறுந்திராவிட்டால் அரை மணியில் மீதி எண்பத்துநாலும் போயிருக்கும்.

நல்லவேளை, அந்த ஐந்துக்கும் ஆஷ்லினின் கம்ப்யூட்டரில் நகல் இருக்கிறது.

மூன்றாம் தேதியைப் புரட்டினேன். அண்ணன் சொன்னது என் கையெழுத்திலேயே இருக்கிறது. அடப்பாவி மேக்ஸ்வெல், நீயெல்லாம் ஒரு மனுசனா?

ஜூன் 14

இடம் கூட்டி வாங்கி, நூற்றிருபதும் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றையும் இறக்கி ஓட்டிப் பார்த்தேன். பழையதில் எதையும் தொடவில்லை.

அண்ணனிடம் எல்லாம் சொல்லி அழுதேன். "அப்ப நான் வெட்டுனது நல்லதுக்குத்தான்னு சொல்லு" என்று சிரித்தார். இடது கையால் சோறு அள்ளிக்கொண்டிருந்தார். அண்ணி சிரிக்கவில்லை.

ஜூன் 16

மிச்ச மரங்களை நானே கழிக்கிறேன் என்று போனேன். அண்ணன் காலடியில் அரிவாள் கிடந்தது. குனிந்து எடுத்தேன். சட்டென்று கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் போனார்.

பிறகு அவரே, "பாத்து ஏறு சாமி, வழுக்கும்" என்றார்.