உடல்நலக் காரணம்

தம்பிக்கு,

வணிகர் சங்க விருந்தில் நீ பேசியதை நாளிதழில் படித்தேன். அனுமதியின்றி நாட்டுக்குள் வந்தவர்களைப் பிடித்துக்கொடுப்பதே தொழில் தர்மம் என்றாயாம். பலத்த கைதட்டலாம்.

நேற்று குடியேற்ற அதிகாரிகள் நம் சலவைக்கூடத்துக்கு வந்தார்கள். முன்வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியேறும் பின்கதவுக்கு மிகச் சரியான நேரத்தில் வந்தார்கள். அந்த நேரத்தை அரை மணி முன்னதாக மாற்றியதை ஆட்களுக்கே நேற்று காலையில்தான் சொன்னேன். அதற்கு முன் உன்னிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தேன். இதை நான் விசாரிக்கப் போவதில்லை.

கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டேன்.

"காகிதம் இல்லாத ஆளுங்க லிஸ்டை மட்டும் குடுங்கம்மா, நாங்க பாட்டுக்குப் போயிடறோம்" என்றார் மூத்த அதிகாரி.

கோர்ட் உத்தரவு கேட்டேன். இல்லை. பின்னாலிருந்து இஸ்திரிப் பிரிவு மேற்பார்வையாளர் குரல் கொடுத்தாள்: "அக்கா, சார் சட்டை ரொம்பக் கசங்கியிருக்கு. கழட்டிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, தேய்ச்சு வைக்கிறோம்."

பதினெட்டு வருடமாக நம்மிடம் இருப்பவள். அவளிடமும் அனுமதிக் காகிதம் இல்லை.

நேற்று வெறுங்கையோடு திரும்பியவர்கள் நாளை உத்தரவோடு வருவார்கள். பட்டியலுக்குப் பதிலாக, காகிதம் இல்லை என்று தெரிந்தேதான் எல்லோருக்கும் வேலை கொடுத்தேன் என்று நானே எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருக்கிறேன்.

நம் நிறுவனத்தின் தலைவர் பதவியிலிருந்து என்னை நீக்க வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டிருக்கிறாய். தீர்மானத்தில் 'உடல்நலக் காரணம்' என்று இருக்கிறது. எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அதை அடித்துவிட்டு, 'கதவைத் திறக்க மறுத்தார்' என்று எழுது. முதல் கையெழுத்தை நான் போடுகிறேன்.

உன் அக்கா