பயனட்டில் வைத்த குங்குமம்

தோட்டத்து லயம், மெர்லிமாவ்
8.10.1950

அன்புள்ள ரோசலின்,

காட்டுக் கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து ஊரடங்கு போட்டுத் தோட்டத்தைக் கம்பி வேலியால் அடைத்ததிலிருந்து பள்ளிக்கூட பஸ் வருவதில்லை. பாடங்களை எழுதி ரொட்டிக்கார மருதமுத்து அண்ணன் கையில் கொடுத்தனுப்பு. இந்தக் கடிதமும் அவர் ரொட்டிக் கூடையில்தான் வருகிறது.

நான் சும்மா இல்லை. ஜப்பான்காரன் காலத்துச் சிப்பாய்கள் போட்டுவிட்டுப் போன கத்திகளை அப்பா சேர்த்து வைக்கிறார் என்று சொன்னேனே, மூன்றாவது கிடைத்துவிட்டது! துப்பாக்கி முனையில் மாட்டுகிற பயனட். லாலான் புல்லுக்குள் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தோம். துருவுக்கு அடியில் சின்ன வட்ட முத்திரை ஒன்று. முதலில் கண்டது நான்தான்! உளுத்த பிடியைக் கழற்றிவிட்டு அப்பா ரம்புத்தான் கட்டையில் புதுப் பிடி செதுக்குகிறார். வொர்க்ஷாப் ஃபிட்டர் கை அல்லவா! கூர்முனையை அரத்தால் மழுக்கிவிட்டார். "வெட்டுறதுக்கு இல்லம்மா, வெச்சிப் பாக்குறதுக்கு" என்கிறார்.

உன்,
ஜானகி


போலீஸ் குவார்ட்டர்ஸ், மெர்லிமாவ்
11.10.1950

பிரியமுள்ள ஜானகி,

உன் கடிதத்தை வழக்கம்போல் உரக்கப் படித்துவிட்டேன். சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது. "பயனட்டா? தம்புசாமிக்கு என்ன கிறுக்கா? நாளைக்கே ஸ்டேஷன்ல கொண்டாந்து குடுத்துடச் சொல்லுலா. நான் கேக்காத மாதிரி இருந்துக்கிறேன்" என்றார். ஸ்டேஷனில் தினமும் எத்தனையோ பேர் அழுவதை இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொல்கிறவர் அவர். அவர் பயந்து நான் பார்த்ததில்லை. தயவுசெய்து தாமதிக்காதே.

ரோசலின்


14.10.1950

அன்புள்ள ரோசலின்,

அப்பா ஒத்துக்கொண்டார். ஆனால் ஆயுதபூசை முடிந்த மறுநாள்தான் கொடுப்பாராம். "துருவுல கெடந்த இரும்ப எடுத்து ஆளாக்கிட்டு, ஒரு பொட்டு சந்தனம் வெக்காம அனுப்புறதா? ஆறு நாள்தானே!" என்கிறார். முத்திரையை இன்னும் சில நாள் பார்க்கலாமே என்று நானும் சரி சொன்னேன். மாமாவிடம் கோபிக்க வேண்டாம் என்று சொல்.

ஜானகி


22.10.1950

ரோசலின்,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்துக்கு மன்னித்துக்கொள்.

பூசையன்று காலை ரப்பர் லாரியைக் காட்டு ஓரத்தில் கம்யூனிஸ்டுகள் சுட்டுவிட்டார்கள். டிரைவர் நல்லமுத்து செத்துப்போனார். பட்டாளம் வீடு வீடாக, லயம் லயமாகச் சோதித்தது. எங்கள் வீட்டில் பால்வெட்டுக் கத்திகள், அப்பாவின் ஸ்பானர்கள், என் புத்தகங்கள், நடுவில் அந்த மூன்று கத்திகள். எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள் நான்.

வெள்ளைக்கார ஆபீசர் பயனட்டை எடுத்தார். விரலில் சிவப்பு ஒட்டியது. "இரத்தமா?" என்று இங்கிலீஷில் கேட்டார். "குங்குமம் சார், குங்குமம்!" என்று அப்பா கத்தினார். ஆபீசர், மொழிபெயர்ப்புக்காகப் பக்கத்தில் நின்ற கிளீட்டஸ் மாமாவிடம், என்ன சொல்கிறான் என்று கேட்டார்.

உன் அப்பா தரையைப் பார்த்தார். "தெரியாது, சார்" என்றார்.

தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் வீட்டில் வடை தின்று, "இன்னொன்னு வைங்க தங்கச்சி" என்று என் அம்மாவைக் கேட்ட அதே வாய், ரோசலின். எத்தனை புத்தகம் படித்திருப்பேன்! குங்குமத்துக்கு ஓர் இங்கிலீஷ் சொல் எனக்கு வரவில்லை. அப்பாவைக் கையைக் கட்டி லாரியில் ஏற்றினார்கள். ஆயுதம் வைத்திருந்தால் தூக்குப் போடுவார்கள் என்று லயமெல்லாம் பேசுகிறார்கள்.

உன் அப்பா ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். கேட்டுப் பார்.

ஜானகி


27.10.1950

ஜானகி,

கேட்டேன். "குங்குமம்னு நான் வாயத் தொறந்தா, இவன உனக்கு முன்னாடியே தெரியுமா, கத்தி இருக்குறது தெரியுமான்னு அடுத்த கேள்வி வரும். எனக்கும் புள்ளைங்க இருக்கு" என்றார். என் அப்பாதானா இவர் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

நேற்று மளிகைக்கடையில் குங்குமம் வாங்கிக்கொண்டு, பள்ளி யூனிஃபார்மோடு ஸ்டேஷனுக்குப் போனேன். ஆபீசர் மேசைமேல் கோடு போடும் என் அடிமட்டத்தை வைத்து அதில் ஒரு பொட்டு வைத்தேன். பிறகு என் நெற்றியிலும் வைத்துக்கொண்டேன். கோயில் பொடி, இந்துக்கள் கருவிகளுக்கெல்லாம் வைப்பார்கள் என்று சொன்னேன். அவர் பயனட்டை வரவழைத்து முகர்ந்தார். சந்தனம் இன்னும் மணந்தது. மழுங்கிய முனையை விரலால் தடவினார். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். உன் கடிதங்களைப் பற்றிச் சொன்னேன். நான் உரக்கப் படித்தது அப்பா காதில் விழுந்ததையும் சொன்னேன். பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

சனிக்கிழமை உன் அப்பாவை விடுகிறார்கள். கத்திகள் வராது.

அப்பா தெரிந்தும் மறைத்தார் என்று எங்களைக் குவார்ட்டர்ஸை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். அம்மா சட்டிபானைகளைக் கட்டுகிறாள். அப்பா என் நெற்றியையே பார்க்கிறார். எத்தனையோ தடவை கழுவிவிட்டேன்.

மருதமுத்து அண்ணன் கையில் இனி எதுவும் கொடுத்தனுப்பாதே. பாடங்கள் இத்துடன் இருக்கின்றன.

ரோசலின்