விருந்தாளித் தண்ணீர்

நேற்று கண்டி மஹய்யாவயில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். தாகமாக இருக்கிறது என்றேன். "குசினில குடம் ஈக்கி, அள்ளிக் குடிங்க மக" என்றார், தலையைக்கூட நிமிர்த்தாமல். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஏன் என்று உனக்கு மட்டும்தான் விளங்கும். நீயோ கண்மூடிப் போய் இரண்டு வருடமாகிறது.

நான் பொறியியல், நீ மருத்துவம். தெல்தெனியவுக்கு அப்பால் சில தேயிலைத் தோட்டங்களில் சிறுநீரக நோய் ஏன் வருகிறது என்பதுதான் நம் இருவரின் ஆராய்ச்சியும். நீ இரத்தம் எடுப்பாய். நான் முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து, "நீங்க குடிக்கிற தண்ணி ஒரு போத்தல் தாங்க" என்பேன். எட்டு மாதம் இப்படி ஓடியது. என் சாம்பிள் எல்லாம் சுத்தமோ சுத்தம். நீ எடுத்த இரத்தமோ வேறு கதை சொன்னது. உன் மெஷின் பழுது என்று நானும், என் மெஷின் பழுது என்று நீயும் சண்டை பிடித்தோம்.

ஒருநாள் நீ வழக்கம்போல ஒரு தொழிலாளர் லயத்து அடுப்படியில் பலாக்கொட்டை உரித்து, வம்பளந்துவிட்டு முன்னறைக்கு என்னிடம் வந்தாய். "ஒன்ட போத்தல்ல ஈக்கிறது தூரத்து ஊத்துல அள்ளி, கொதிக்க வெச்சு வடிச்ச தண்ணி புள்ள. இவங்க குடிக்கிறது பின்னால பீப்பாயில ஈக்கி."

உன் பின்னாலேயே வந்த வீட்டு அக்கா வெட்கத்தோடு சொன்னார்: "வீடு தேடி வந்தவங்களுக்கு அந்தத் தண்ணியவா குடுக்கிறது?"

எனக்குக் கோபம் உன்மேல்தான் வந்தது. இருக்கிற அட்டவணையை அப்படியே கொடுத்தால் கலாநிதிப் பட்டம் கையில். வெளியே சொல்லாதே என்று கெஞ்சினேன்.

"செல்லல்ல. அப்ப அந்த அக்காட கிட்னி எதால பழுதாகுதுண்டு ஆரு செல்றது?"

மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கண்டி பஸ் நிலையத்தில் இரண்டு பை நிறைய வெற்றுப் போத்தல்களோடு நின்றாய். "ஏறு. மொதல்லேந்து."

இந்தத் தடவை பின்கதவால் போனோம். தேங்காய் துருவிக் கொடுத்தேன், பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தேன், பிறகுதான் போத்தலை எடுத்தேன். என் தண்ணீரும் உன் இரத்தமும் ஒரே கதையைச் சொல்லத் தொடங்கின. பட்டம் ஒரு வருடம் பிந்தியது. பட்டமளிப்பு அன்று "லேட் டொக்டர்!" என்று கத்தி என் மானத்தை வாங்கினாய். அந்த லயத்துக்கு இப்போது நல்ல தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. என் மாணவிகளையும் பின்கதவால்தான் அனுப்புகிறேன்.

நீ போன பிறகு உம்மா எனக்குப் பூப்போட்ட கிளாஸில், கீழே தட்டு வைத்து, கொதித்தாறிய தண்ணீர்தான் தருவார். ஒவ்வொரு தடவையும் மனம் சுருங்கும். நீ இல்லாத வீட்டில் நான் யார் என்று நினைத்துக்கொள்வேன்.

நேற்று அடுக்களைக் குடத்தில் அள்ளி அண்ணாந்து குடித்தேன்.

"ஏன் மக சிரிக்கிறீங்க?"

"சாம்பிள் சரியா வந்திருச்சும்மா."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் இன்னொரு செம்பு அள்ளினேன்.